ஆக்ஸ்போர்டு வீதியும் பழைய மோட்டார்களும்

ஆக்ஸ்போர்டு என்றதும் கல்லூரிகளும் நூல்நிலையங்களுமே நம் நினைவுக்கு வருகின்றன. அது மோட்டார் வண்டிகளின் ஊருங்கூட என்பதை நம்மவரிற் பலர் அறியார். இவ்விரு பெருமைகளோடு மூன்றாவதொன்றும் அந்நகருக்குச் சேர்ந்திருக்கிறது. டெலிவிஷனில் வந்த துப்பறியும் நாடகங்களுள் மிகப் புகழ்பெற்ற சிலவற்றின் களம் அதுவே. இம்மூன்றும் ஒன்றையொன்று தொடும் இடங்களைக் காணும் ஆவலோடு நாம் அவ்வீதிகளில் நடந்தோம்.

பெருவீதியிற் கிழக்கு நோக்கிச் சென்றால், மாட்லின் கல்லூரிக்குச் சற்று முன்னே இடப்புறமாக லாங்வால் வீதி பிரிகிறது. சைக்கிள் தொழிலில் வாழ்க்கையைத் தொடங்கிய வில்லியம் மாரிஸ் என்பவர் தம் முதல் மோட்டாருக்கு உருக்கொடுத்தது அங்கேதான். 1913-இல் வெளிவந்த அவ்வண்டிக்கு ஊரின் பெயரையே சூட்டி 'மாரிஸ் ஆக்ஸ்போர்டு' என்றழைத்தார். பாலத்தைக் கடந்து தென்கிழக்கே சென்றால், அவர் தொழிற்சாலை பெருகி வளர்ந்த கௌலி என்னும் பகுதி வரும். பழைய கட்டடங்களிற் பெரும்பாலானவை இடிக்கப்பட்டுவிட்டன. ஆயினும் மோட்டார் தொழில் அங்கு மறையவில்லை. 'மினி' மோட்டார்கள் இன்றும் அங்கே உருவாகின்றன.

நகரின் நடுவே ராட்கிளிப் சதுக்கம் இருக்கிறது. கல் பாவிய தரையின் மத்தியில், 1749-இல் திறக்கப்பெற்ற வட்ட வடிவ நூலக மாளிகை கம்பீரமாக நிற்கிறது. மனித நடமாட்டம் இல்லாத வேளையில் அதைப் பார்ப்பவர், தாம் காண்பது எந்த நூற்றாண்டு என்று கூற இயலாது. அங்கே ஒரு மோட்டார் வந்து நிற்கட்டும், காலம் உடனே தெரிந்துவிடும்! துப்பறியும் நாடகம் எடுப்போர் வண்டிகளைத் தேடி அலைவதன் காரணம் நமக்கு அவ்விடத்தில்தான் நன்கு விளங்கியது.

1987 முதல் 2000 வரை ஒளிபரப்பான 'இன்ஸ்பெக்டர் மோர்ஸ்' நாடகத்தில், ஜான் தா நடித்த மோர்ஸ் ஓட்டுவது சிவப்பேறிய பழைய ஜாகுவார் மார்க் 2 வண்டி. அதன் எண் 248 ஆர்.பி.ஏ.; பிறந்த ஆண்டு 1960. கோலின் டெக்ஸ்டர் எழுதிய முதல் நாவல்களில் மோர்ஸ் வைத்திருந்ததோ லான்சியா. நாடகம் புகழ்பெற்ற பின் நாவல்களின் மறுபதிப்பிலும் ஜாகுவாரே இடம்பெற்றது! அந்நாடகம் தன் சமகாலத்துக் கதை. புதிய வண்டிகள் ஓடும் வீதியில் ஒரு பழைய வண்டி வருகிறது. அது மோர்ஸின் குணத்தை நமக்குச் சொல்கிறது. பழைய இசையையும் பழைய சொற்களையும் விரும்பும் மனிதர், பழைய வண்டியையும் விடமாட்டார் அல்லவா?

அதே மோர்ஸின் இளமைப் பருவத்தைக் கூறும் 'எண்டெவர்' நாடகம் 2012-இல் தொடங்கி 2023-இல் நிறைவுற்றது. அதன் கதை 1965 முதல் 1972 வரை நிகழ்வது. இங்கே ஜாகுவார் பழம்பொருள் அன்று; அக்காலத்து வண்டி. முன்னதில் மனிதரைக் காட்டிய வண்டி, பின்னதில் காலத்தைக் காட்டுகிறது. ஆகவே இங்கே பிழை செய்தல் எளிது.

பிழையைக் காட்டிக்கொடுப்பவற்றுள் முதன்மையானது எண் பலகை. பிரிட்டனில் 1963 முதல், எண்ணின் இறுதியில் ஆண்டைக் குறிக்கும் எழுத்தொன்றைச் சேர்க்கலாயினர். 1965-க்குரியது 'சி', 1966-க்குரியது 'டி', 1967 ஆகஸ்டிலிருந்து 'எஃப்'. 1965-இல் நிகழும் கதையில் 'எஃப்' எழுத்துத் தாங்கிய மோட்டார் தென்பட்டால், அறிந்தோர் நகைப்பர். ஆனால் 1952-ஆம் ஆண்டு வண்டி அதே காட்சியில் வந்தால் குற்றமில்லை. கதையின் ஆண்டைவிட வண்டி மூத்ததாக இருக்கலாம். இளையதாக இருத்தல் ஆகாது. எல்லா வண்டிகளும் கதை நடக்கும் அதே ஆண்டில் வாங்கியவையாக இருந்தாலும் அது மெய்யான வீதி ஆகாது. எந்த ஊர் வீதியிலும் பத்தாண்டுப் பழமையும் நேற்றைய புதுமையும் கலந்தே ஓடும்.

இன்னொரு சங்கடமும் உண்டு. படப்பிடிப்புக்குக் கிடைப்பவை அன்பர்கள் துடைத்துத் துடைத்துப் பாதுகாத்த வண்டிகள். அழகிய ஜாகுவாரைக் காப்பாற்றியவர் பலர். எளிய குடும்பம் சென்ற சாதாரண வண்டியைக் காப்பாற்றியவர் சிலரே. அது துருப்பிடித்து மறைந்தது. ஆதலின் திரையில் தோன்றும் பழைய வீதி, உண்மை வீதியைவிடச் செல்வச் செழிப்போடு மின்னுகிறது.

இது ஆங்கிலேயர் கவலைதானே என்று நாம் இருந்துவிட முடியாது. 1956-இல் வந்த மூன்றாம் வரிசை மாரிஸ் ஆக்ஸ்போர்டே கடல் கடந்து, கொல்கத்தாவை அடுத்த உத்தரபாராவில் இந்துஸ்தான் மோட்டார்ஸாரின் 'அம்பாசடர்' ஆயிற்று. 2014 மே மாதத்தில் அதன் உற்பத்தி நின்றது. வங்கத்துத் துப்பறிவாளர்களையும் இதே அளவுகோலால் அளக்கலாம். சரதிந்து பந்தியோபாத்தியாயரின் பியோம்கேஷ் 1932-இல் தோன்றியவர். 1993-இல் தூர்தர்ஷனிலும் வலம் வந்தவர். அவருடைய முப்பதுகளின் கதையில் அம்பாசடர் நுழைந்தால் பெரும் பிழை. சத்யஜித் ராயின் ஃபெலுடா கதைகளிலோ, லால்மோகன் பாபுவின் பச்சை அம்பாசடர் தானும் ஒரு பாத்திரமாகவே விளங்குகிறது. எண் பலகையிலும் எச்சரிக்கை வேண்டும். மாநிலத்துக்கு இரண்டெழுத்தும் வட்டார அலுவலகத்துக்கு இரண்டு இலக்கமும் கொண்ட இப்போதைய முறை, 1989 ஜூலையில்தான் நடைமுறைக்கு வந்தது.

நம் நகரங்களிலும் அவ்வண்டிகள் விரைந்து மறைகின்றன. கொல்கத்தாவில் பதினைந்தாண்டு கடந்த வாடகை வண்டிகள் ஓடலாகாது என்று கல்கத்தா உயர்நீதிமன்றம் 2008-இல் ஆணையிட்டது. மஞ்சள் அம்பாசடர் டாக்ஸிகள் அருகி வருகின்றன. மும்பையின் கறுப்பும் மஞ்சளுமான பிரீமியர் பத்மினி டாக்ஸிகள் 2023 அக்டோபரோடு விடைபெற்றன. பெட்டி படுக்கையோடு ரயிலடியில் வந்திறங்கிய நம் பெரியோரை முதன்முதல் வீடு சேர்த்தவை இத்தகைய வண்டிகளே. நாளை நம் குடியேற்றக் கதையை எவரேனும் நாடகமாக்கினால், அந்த வீதியை எதைப் பார்த்து அமைப்பார்?

நேயர்களின் இல்லங்களில் இருக்கும் பழைய புகைப்படங்களே அதற்குச் சான்று. திருமணத்தன்று வாசலில் நின்ற வண்டி, தெருமுனையில் காத்திருந்த டாக்ஸி, ஓரத்திற் பாதி தெரியும் எண் பலகை ஆகியவற்றைப் பயனற்றவை என்று வெட்டிவிடாதீர்கள். படத்தின் பின்புறத்தில் ஊரையும் ஆண்டையும் மையினால் எழுதி வையுங்கள். விவரம் அறிந்த முதியோர் நம்மிடையே இருக்கும்போதே அவர்களைக் கேட்டு எழுதுதல் நன்று.