லென்சுகளும் ஒரு செங்கற் சுவரும்

காமிரா வைத்திருப்போர் இருவர் வழியிற் சந்திப்பாராயின், "அண்மையில் என்ன படம் எடுத்தீர்கள்?" என்று வினவுவது அரிது, "இப்பொழுது என்ன லென்ஸ் வைத்திருக்கிறீர்கள்?" என்பதே முதற் கேள்வியாக வரும். பிறரைப் பழிக்கும் பொருட்டு நாம் இதனைக் கூறவில்லை. அக்கேள்வியை நாமும் பலரிடம் கேட்டிருக்கிறோம். நம்மிடமும் பலர் கேட்டிருக்கின்றனர். அதற்கு விடை கூறுவதற்காகவே நாம் கடன்பட்டு வாங்கிய லென்சுகளும் உண்டு.

டிஜிட்டல் எஸ்.எல்.ஆர். காமிரா நம்போன்றவர் கைக்கு எட்டியது வெகு காலத்துக்கு முன்னரன்று. 1991-ல் கோடாக் கம்பெனியார் நிக்கான் எஃப் 3 காமிராவில் டிஜிட்டல் கருவியைப் பொருத்தி வெளியிட்டபோது, படத்தைச் சேமிக்கும் பெட்டியைத் தனியே தோளில் சுமக்க வேண்டியிருந்தது, படமோ 1.3 மெகாபிக்சல்தான். அக்காமிராவைப் பத்திரிகை ஆபீசுகள் வாங்கினவேயன்றிச் சம்பளக்காரர் எவரும் வாங்க நினைத்ததில்லை. 2003-ல் கேனான் 300டி என்னும் காமிராவின் உடல் ஆயிரம் அமெரிக்க டாலருக்குக் குறைந்த விலையில் வந்தது. மறு ஆண்டில் நிக்கான் டி70 வந்தது. ஒரு பிலிம் சுருளில் முப்பத்தாறு படம், ஒவ்வொன்றுக்கும் கழுவக் கூலி, அச்சுக் கூலி என்று எண்ணி எண்ணிப் பித்தானை அழுத்திய கைகளுக்கு, எத்தனை எடுத்தாலும் செலவில்லை என்பது பெரிய விடுதலையாகத் தோன்றிற்று. விடுதலை கிடைத்ததும் நாம் செய்தது என்ன என்பதைத்தான் சொல்ல வருகிறோம்.

நண்பர் ஐவர் ஞாயிறுதோறும் ஒரு தேநீர்க்கடையில் கூடுவோம். ஒருவர் ஆசிரியர், ஒருவர் லாரி வைத்திருப்பவர், ஒருவர் ஆஸ்பத்திரிப் பணியாளர், ஒருவர் கிராணியாருடைய மகன், மற்றவர் நாம். சாதியும் சமயப் பிரிவும் மனிதனைக் கெடுத்தன என்று அதே மேசையில் ஓங்கி ஓங்கிப் பேசிவிட்டு, அடுத்த கோப்பைத் தேநீர் வருவதற்குள் கேனான் கட்சியென்றும் நிக்கான் கட்சியென்றும் பிரிந்து, வடகலை தென்கலையார் நாமத்துக்குச் சண்டையிட்டதுபோல் சண்டையிடுவோம். மஞ்சள் வார் கழுத்தில் தொங்கினால் நிக்கான். சிவப்பு வளையம் லென்சில் இருந்தால் கேனானின் விலையுயர்ந்த வர்க்கம். அந்த வளையத்தைக் கண்டால் எதிர்க்கட்சியாரும் சற்றுக் குரல் தாழ்த்துவர். சம்பளம் போட்ட வாரம் கோலாலம்பூர்ப் புடு வட்டாரத்துக் கடைகளுக்கு ஒரு யாத்திரை. சிங்கப்பூருக்குப் போக நேர்ந்தால் கோல்மன் தெருவிலுள்ள பழைய காமிராக் கடைகளுக்கு மற்றொரு யாத்திரை. யாத்திரை என்ற சொல்லை நாம் வேண்டுமென்றே எழுதினோம்.

லாரி நண்பர் ஒருமுறை நிக்கான் டி60 வாங்கினார். உடனே, எல்லாரும் புகழ்கிறார்களென்று 50 மி.மீ. லென்ஸ் ஒன்றையும் மலிவு விலையில் வாங்கிக்கொண்டு வந்தார். பித்தானை அழுத்துகிறார், லென்ஸ் அசையவில்லை. கெட்டுப்போன சரக்கைத் தலையில் கட்டிவிட்டான் என்று கடைக்காரனை ஏசத் தொடங்கினார். உண்மையில் சரக்கில் குற்றமில்லை. அந்த லென்சைத் திருப்பி முனைப்படுத்தும் மோட்டார் காமிராவின் உடலுக்குள் இருக்கவேண்டும். டி90 போன்ற உடல்களில் அது உண்டு, டி60-ல் இல்லை. கையாலேயே திருப்பி எடுக்கவேண்டியதுதான். ஐந்து பேர் கூடி ஓராண்டு பேசிய பேச்சில், வாங்குமுன் தெரிந்துகொள்ள வேண்டிய இந்த ஒரு செய்தி வெளிவரவில்லை என்பதை நினைத்து அன்று நமக்குச் சிரிப்பும் வெட்கமும் ஒருங்கே வந்தன.

அதன் பிறகுதான், வாய்ப்பேச்சை விட்டுச் சோதனை செய்வோம் என்று ஆசிரியர் கூறினார். நல்ல யோசனையே. லென்சைச் சோதிப்போர் உலகெங்கும் செங்கற் சுவரைத்தான் தேடுவர். சுவர் தட்டையானது, அசையாது, செங்கல்லின் வரிகள் நடுவிலும் மூலையிலும் ஒரே அளவாக இருப்பதால், லென்ஸ் எங்கே கூர்மையாக வரைகிறது, எங்கே மழுப்புகிறது என்பது பளிச்சென்று தெரியும். நாம் பிறந்த தோட்டத்தில், ஆயாக் கொட்டகையின் பின்புறத்தில் சுண்ணாம்பு உதிர்ந்த செங்கற் சுவர் ஒன்று இருந்தது. தாய்மார் பால்வெட்டப் போகையில் பிள்ளைகளை விட்டுச் செல்லும் கொட்டகை அது. நாமும் அங்கே தூளியில் கிடந்தவர்தாம். 2009-ஆம் ஆண்டில் ஒரு ஞாயிறு காலை ஐவரும் அங்கே போய்ச் சேர்ந்தோம்.

சோதனையை ஒழுங்காகவே செய்தோம் என்பதைச் சொல்லியாகவேண்டும். முக்காலியில் காமிராவை நிறுத்தினோம். உள்ளேயிருக்கும் கண்ணாடி மேலெழும்போது உண்டாகும் அதிர்வு படத்தைக் கெடுக்குமாதலால், கை படாமல் சில விநாடி கழித்து எடுக்கும்படி வைத்தோம். ஒரு லென்சுக்கு எஃப் 1.8-ல் தொடங்கி, எஃப் 4, எஃப் 8, எஃப் 16 என்று துவாரத்தைப் படிப்படியாகச் சுருக்கி எடுத்தோம். ஒவ்வொன்றையும் நோட்டுப் புத்தகத்தில் நாம் குறித்தோம். நம் கையெழுத்து தெளிவாக இருக்கும் என்று அந்த வேலையை நம்மிடம் கொடுத்தார்கள். மொத்தம் 84 படங்கள்.

கண்ட முடிவுகள் பல கர்வங்களை அடக்கின. எஃப் 8-ல் வைத்துவிட்டால், காமிராவோடு சேர்த்துக் கொடுக்கும் மலிவான 18-55 லென்சுக்கும் ஆசிரியர் மூன்று மாதச் சம்பளத்தைக் கொட்டி வாங்கியதற்கும் வேறுபாடு காண, திரையில் பெருக்கிப் பார்த்துங்கூட ஐவருள் மூவரால் இயலவில்லை. எஃப் 16-ல் எல்லா லென்சும் ஒருங்கே மங்கின. துவாரம் மிகச் சுருங்கினால் ஒளி வளைந்து பரவுவதன் விளைவு அது. விலை கொடுத்தவனுக்கு அங்கே சலுகையில்லை. நம்முடைய சிறிய 50 மி.மீ. லென்ஸ், எஃப் 1.8-ல் நடுவே நன்றாகவும் மூலைகளில் பஞ்சுபோலவும் வரைந்தது. ஆனால் எஃப் 5.6-ஐக் காட்டிலும் எஃப் 1.8 ஏறத்தாழப் பத்து மடங்கு ஒளியை உள்ளே விடும். மண்ணெண்ணெய் விளக்கொளியில் அதன் அருமை தெரியும். அன்றியும், சிறிய உணர்தகடுள்ள நம் காமிராக்களில் 50 மி.மீ. என்பது பிலிம் காமிராவின் 75 அல்லது 80 மி.மீ. போலவே வேலை செய்யும். லயத்துப் பத்தடி அறைக்குள் சுவரோடு முதுகை ஒட்டி நின்றாலும் எதிரே நிற்கும் ஒருவரை அது முழுதாகக் காட்டாது. அங்கே யாரும் மதிக்காத 18-55தான் குடும்பத்தை முழுதாகக் காட்டும். எந்த லென்ஸ் சிறந்தது என்ற கேள்வி, எந்த அறையில், எந்த விளக்கில், யாரை என்ற மூன்றும் இல்லாமற் கேட்கப்படுமாயின் அதற்கு விடையே கிடையாது. இதை அன்று கண்டுகொண்டோம் என்றே எண்ணினோம்.

நாம் எடுத்துக்கொண்டிருக்கையில், பிள்ளைகளைப் பார்த்து ஓய்வுபெற்ற பழைய ஆயா, வெயில் காய்வதற்காக வந்து சுவரோரமாகத் தம் பலகையில் உட்கார்ந்தார். நமக்குச் சோறு பிசைந்து ஊட்டியவர். சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "ஏந் தம்பிகளா, அந்தச் சுவத்துல என்னா இருக்குன்னு இம்புட்டுப் படம் புடிக்கிறீங்க?" என்றார். ஐவரும் சிரித்தோம். "என்னைய ஒண்ணு புடிச்சுக் குடு, அய்யா," என்று நம்மைப் பார்த்துக் கேட்டார். "முடியட்டும் ஆயா, அப்புறம் எடுக்கிறேன். இப்ப கொஞ்சம் தள்ளி உட்காருங்க, படத்தில் விழுறீங்க," என்றோம். அவர் பலகையை இழுத்துக்கொண்டு நகர்ந்தார். சோதனை முடிவதற்குள் வெயில் ஏறிவிட்டது. ஆயா வீட்டுக்குள் போய்விட்டார். நாமும் பசியோடு பட்டணத்துக்குத் திரும்பினோம். முடிவுகளைப் பற்றிய வாக்குவாதம் மூன்று ஞாயிறு நீடித்தது.

இரண்டாண்டில் தோட்டத்தை விற்றுவிட்டார்கள். லயங்களும் கொட்டகையும் இடிக்கப்பட்டன. அந்த இடத்தில் இப்பொழுது மாடி வீடுகள் நிற்கின்றன. நிக்கானும் கேனானும் 2018-ல் கண்ணாடியில்லாத புதுக் காமிராக்களுக்குத் தனித் தனி வளையம் அமைத்துக்கொண்டு அப்பக்கமே போய்விட்டன. நாம் சண்டையிட்ட லென்சுகள் கோல்மன் தெருக் கண்ணாடி அலமாரிகளில் பாதி விலைக்கும் குறைவாகக் கிடக்கின்றன. இதில் நமக்கு வருத்தமொன்றுமில்லை.

ஆயா 2014-ல் காலமானார். காரியத்துக்கு வைக்கப் படம் வேண்டுமென்று, ஜொகூரிலிருந்து வந்த அவர் மகன் நம்மிடம் வந்தார். "அடையாளக் கார்டுல இருக்கிறதைப் பெரிசாக்கினா முகமே தெரியலை அண்ணே. நீங்க அடிக்கடி காமிராவோட தோட்டத்துக்கு வருவீங்களே, எங்கம்மாவை எடுத்திருப்பீங்கன்னு சொன்னாங்க," என்றார்.

இரவெல்லாம் தேடினோம். தைப்பூசக் காவடிகள் இருந்தன; பறவைகள் இருந்தன; பூவின்மேல் தங்கிய நீர்த்துளிகள் எண்ணற்று இருந்தன. கடைசியாகச் சுவர்ப் படங்களைத் திறந்தோம். முப்பத்தேழாவது படத்தில், இடப்பக்கத்துக் கீழ் மூலையில், ஆயா இருந்தார். நோட்டுப் புத்தகத்தை எடுத்துப் பார்த்தோம். அப்படத்துக்கெதிரே, "50 மி.மீ., எஃப் 1.8. மூலை மிக மங்கல். ஆள் குறுக்கீடு. கணக்கில் சேர்க்க வேண்டாம்" என்று நம் கையெழுத்தில் தெளிவாக எழுதியிருந்தது.

மறுநாள் அவர் மகனுக்குத் திரையில் காட்டினோம். ஒவ்வொரு செங்கல்லும் எண்ணக்கூடியதாக நடுவில் நின்றது. மூலையில் வெள்ளைச் சேலையும், நரைத்த தலையும், நம்மை நோக்கித் திரும்பிய முகமும் நீரில் கரைந்ததுபோல் இருந்தன. அவர் வெகுநேரம் பார்த்தார்.

"இதைவிடத் தெளிவா ஒண்ணும் இல்லையாண்ணே?"

இல்லை என்றோம்.

அவர் சட்டைப்பையிலிருந்து கைத்தொலைபேசியை எடுத்து, திரையின் அந்த மூலைக்கு அருகே பிடித்து, இருமுறை படமெடுத்தார். தம் தங்கைக்கு அதை அங்கேயே அனுப்பினார்.