பட்டு நகரில் ஒரு பாட்டு

காஞ்சிபுரத்தைக் கோயில் நகரம் என்பர்; பட்டு நகரம் என்பர். 'பட்டு' என்னும் சொல்லில் துணைக்கால் ஒன்றைச் சேர்த்தால் அது 'பாட்டு' ஆகிவிடும். அந்தப் பாட்டு நகரத்தை நாடியே அண்மையில் ஒருநாள் சென்னையிலிருந்து பேருந்து ஏறினேன். ஏறத்தாழ 75 கிலோமீட்டர் பயணம்.

முதலில் நெசவாளர் மிகுந்து வாழும் பிள்ளையார்பாளையத்திற்குச் சென்றேன். ஒரு வீட்டில் முதியவர் ஒருவர் குழித்தறியில் கால்களை இறக்கி அமர்ந்து நெய்துகொண்டிருந்தார். சேலையின் உடலும் கரையும் வெவ்வேறு நிறங்களில் அமையுமாறு, தனித்தனி நாடாக்களால் நெய்து இணைக்கும் கோர்வை வேலை அது. ஒருவரால் மட்டும் ஆகாது. மறுபக்கம் துணைவியார் அமர்ந்து கைகொடுத்துக்கொண்டிருந்தார். அருகில் கைப்பேசி பழைய பாடலொன்றை ஒலித்தது.

"கையும் காலும் தறிக்குச் சொந்தம், சாமி. காது ஒன்றுதான் நமக்கு" என்று சிரித்தார் பெரியவர்.

"நீங்கள் பாடுவதுண்டா, அம்மா?" என்று அவர் துணைவியாரைக் கேட்டேன்.

"தறி ஓடும்போது பாடுவேன், சாமி. தறி நின்றால் நிறுத்திவிடுவேன்" என்றார் அவர்.

இந்த விடை அன்று முழுவதும் என் செவியைவிட்டு அகலவில்லை.

பிறகு ஏகாம்பரநாதர் கோயிலின் நெடிய கோபுரத்தைக் கண்டு நின்றேன். முத்துசுவாமி தீட்சிதர் (1775-1835) இங்குள்ள இறைவன்மீது பைரவி இராகத்தில் கீர்த்தனை பாடியுள்ளார். லயத்திலும் பல்லவியிலும் பெரும்புகழ் பெற்ற காஞ்சிபுரம் நைனா பிள்ளை (1889-1934) வாழ்ந்ததும் இந்நகரே. அவருடைய இசையைச் சிறுவயதில் செவியாரக் கேட்டு வளர்ந்த குழந்தை ஒன்று உண்டு. 1919ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் காஞ்சியில் பிறந்த அக்குழந்தைக்கு அலமேலு என்று பெயர். பின்னாளில் உலகம் அறிந்த டி. கே. பட்டம்மாள் அவரே. கச்சேரிகளில் கேட்ட கீர்த்தனைகளை வீடு திரும்பியதும் உடன்பிறந்தோரின் துணையோடு எழுதிவைத்துக்கொள்வாராம்.

அவருடைய அன்னையாரும் இனிது பாட வல்லவர். ஆயினும், உற்றார் உறவினர் முன்னிலையில்கூட அவர் வாய்விட்டுப் பாட அக்கால வழக்கம் இடந்தரவில்லை. அத்தகைய வீட்டிலிருந்து புறப்பட்ட மகள் 1932இல், தம் பதின்மூன்றாம் வயதில், சென்னை ரசிக ரஞ்சனி சபாவில் மேடையேறினார். பெண்கள் அரிதாகவே தொட்ட ராகம் தானம் பல்லவியைத் துணிந்து பாடினார். 1970இல் சங்கீத கலாநிதி விருது பெற்றார், 2009இல் மறைந்தார். தாயின் தொண்டையில் அடைபட்ட பாட்டு மகளின் வாயிலாக நாடெங்கும் ஒலித்தது என்றால் அது மிகையன்று.

அவர் பாடியவற்றுள் என் நெஞ்சுக்கு நெருக்கமானது பாரதியாரின் சுதந்திரப் பள்ளு. 1921இலேயே மறைந்துவிட்ட பாரதி, விடுதலை கிட்டிவிட்டதாகவே எண்ணிக் களித்துப் பாடிய பாடல் அது. 1947 சனவரியில், நாடு விடுதலை பெறுவதற்கு ஏழு திங்கள் முன்னதாக, 'நாம் இருவர்' திரைப்படத்தில் பட்டம்மாளின் குரலில் அது ஒலித்தது. குமாரி கமலா அதற்கு ஆடினார்.

நான் அப்பாடலை அறிந்தது திரையரங்கில் அன்று. எங்கள் வீட்டு வானொலியில். ஆகஸ்டு 15 வந்தால் அது எப்படியும் ஒலிக்கும். அன்று என் அன்னையார் ஆட்டுக்கல்லின் முன் அமர்ந்து, மாவு அரைத்தபடியே வானொலியோடு சேர்ந்து பாடுவார்கள். கல் சுழலும்வரை பாட்டும் இருக்கும்; பாட்டியார் கூடத்திற்கு வந்துவிட்டால் பாட்டு அடங்கும், கல் மட்டும் சுழலும். வீட்டுக்கு வந்த மருமகள் குரலுயர்த்திப் பாடலாகாது என்பது அந்நாளைய முறை. விடுதலையைப் பற்றிய பாட்டை அடங்கிய குரலில் பாட நேர்ந்த முரண்பாட்டைச் சிறுவனாகிய நான் அன்று உணரவில்லை. இன்றும் அப்பாடலைக் கேட்கும்போதெல்லாம், பட்டம்மாளின் கம்பீரக் குரலுக்கு அடியில் ஆட்டுக்கல்லின் ஓசையும், அதில் ஒளிந்த ஒரு மெல்லிய குரலும் எனக்குக் கேட்கின்றன.

வாசக அன்பர்களே, நம் மனத்துக்குப் பிடித்த பாட்டு எழுதியவருக்கும் பாடியவருக்கும் மட்டும் உரியதன்று. அதை நம் செவியில் முதன்முதலில் இட்டவருக்கும் உரியது. அவர்களுள் பலர் மேடை காணாதவர்கள். தறியோசையையும் ஆட்டுக்கல் ஓசையையும் திரையாக்கிக்கொண்டு அதன் பின்னே பாடியவர்கள். இன்று நம் வீடுகளில் தறியும் இல்லை, ஆட்டுக்கல்லும் ஓய்ந்துவிட்டது. திரை விலகியும் அவர்கள் பாடத் தயங்குகின்றார்கள், பாடுங்கள் என்று கேட்பார் இல்லாமையால்.

இன்று மாலை உணவுக்குப்பின் தொலைக்காட்சியைச் சற்றே நிறுத்திவையுங்கள். உங்கள் அன்னையாரிடமோ பாட்டியாரிடமோ, அவர்களுக்குப் பிடித்த பாட்டொன்றைப் பாடும்படி கேளுங்கள். அதை யாரிடம், எப்போது கற்றார்கள் என்றும் கேளுங்கள். குழந்தைகளை அருகில் அமர்த்திக்கொள்ளுங்கள். பட்டைப் பேழையில் வைத்துக் காக்கலாம். பாட்டைக் காக்க இன்னொரு வாய்தான் வேண்டும்.