கிட்டத்தட்ட நின்றேன்

பிப்ரவரி மாதத்தில் ஒருநாள் அந்தக் கவர் வந்தது. கரண்ட் பில்லுக்கும் பீட்சாக் கடைக் கூப்பனுக்கும் நடுவில் கிடந்தது. பிரித்தால் உள்ளே என் கார். பின்னாலிருந்து எடுத்த மூன்று படங்கள். சிவப்பு விளக்குக்கு முன்னால் ஒன்று, வலதுபக்கம் திரும்பும்போது ஒன்று, நம்பர் பிளேட்டைப் பெரிதாக்கி ஒன்று. அபராதம் 100 டாலர். கீழே, வீடியோவைப் பார்க்க ஓர் இணைய முகவரி கொடுத்திருந்தார்கள். நான் பார்க்கவில்லை. என்ன நடந்தது என்றுதான் எனக்குத் தெரியுமே.

அப்போது சிகாகோவின் புறநகர் ஒன்றில் இருந்தேன். அமெரிக்காவில் வண்டிகள் சாலையின் வலப்பக்கம் ஓடும். சிவப்பு எரிந்தாலும் பெரும்பாலான சிக்னல்களில் வலதுபக்கம் திரும்பிப் போகலாம், நம் ஊர் ஃப்ரீ லெஃப்ட் மாதிரி. ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. கோட்டுக்கு முன்னால் சக்கரம் முழுசாக நிற்க வேண்டும். எனக்குத் தெரிந்து யாரும் அப்படி நிற்பதில்லை. வேகத்தைக் குறைத்து, இடதுபக்கம் ஒரு பார்வை பார்த்து, வண்டி வரவில்லை என்றால் உருட்டிக்கொண்டு போய்விடுவோம். நானும் அதைத்தான் செய்தேன். இரவு ஏழு மணி, ரோட்டில் ஆளே இல்லை. இதற்கு 100 டாலரா?

கோபம் வந்தால் நான் படிக்க ஆரம்பித்துவிடுவேன். இரண்டு வாரம் ராத்திரி ராத்திரியாகப் படித்தேன். தேடிப் போனவனுக்கு நிறையவே கிடைத்தது.

சிகாகோ மாநகராட்சி 2003இல் சிவப்பு விளக்குக் கேமராக்களை வைக்கத் தொடங்கியது. அமெரிக்காவிலேயே மிகப் பெரிய கேமராத் திட்டமாக அது வளர்ந்து, 50 கோடி டாலருக்கு மேல் வசூலித்தது. அதை மேற்பார்வையிட்ட போக்குவரத்துத் துறை அதிகாரி ஜான் பில்ஸ், கேமரா நிறுவனமான ரெட்ஃப்ளெக்ஸிடம் லஞ்சம் வாங்கியதற்காக 2016இல் பத்தாண்டுச் சிறைத்தண்டனை பெற்றார். அந்த நிறுவனத்தின் முன்னாள் தலைமை அதிகாரியும் சிறைக்குப் போனார். இல்லினாய் மாநில செனட்டில் போக்குவரத்துக் குழுவின் தலைவராக இருந்த மார்ட்டின் சாண்டவால், கேமராத் தொழிலைப் பாதுகாத்துக் கொடுக்கப் பணம் வாங்கியதை 2020இல் நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டார்.

எனக்கு மிகவும் பிடித்தது 2.9 கதை. மஞ்சள் விளக்கு குறைந்தது 3 விநாடி எரிய வேண்டும் என்பது அமெரிக்க வழிகாட்டு நெறி. மின்சார ஏற்ற இறக்கத்தில் சில சமயம் அது ஒரு நூலிழை குறையும். அப்படி 3 விநாடிக்குக் கீழே போனால் டிக்கெட் கிடையாது என்றிருந்தது. 2014இல் கேமராக்களைப் பராமரிக்கும் நிறுவனம் மாறியபோது, 2.9 வரை போனாலும் டிக்கெட் செல்லும் என்று சத்தமில்லாமல் மாற்றிக்கொண்டார்கள். பத்தில் ஒரு விநாடி. கண் இமைப்பதற்கே அதைவிடக் கொஞ்சம் நேரமாகும். அதில் கூடுதலாகக் கிடைத்தவை 77,000 டிக்கெட்டுகள், 77 லட்சம் டாலர். மாநகராட்சியின் சொந்தக் கண்காணிப்பு அதிகாரியே இதைச் சுட்டிக்காட்டிய பிறகுதான் பழைய கணக்குக்குத் திரும்பினார்கள்.

ஓரிகன் மாநிலத்தில் மாட்ஸ் யார்ல்ஸ்ட்ரோம் என்றொருவர் இருக்கிறார். 2013இல் அவர் மனைவிக்குக் கேமரா டிக்கெட் வந்தது. மனிதர் மஞ்சள் விளக்கின் சூத்திரத்தையே நோண்டிப் பார்த்தார். 1960இல் எழுதப்பட்ட அந்தச் சூத்திரம் நேராகப் போகும் வண்டிகளுக்கானது. திரும்பும் வண்டி வேகத்தைக் குறைக்கும், அதற்குக் கூடுதல் நேரம் வேண்டும் என்றார். மாநிலப் பொறியாளர் வாரியம் அவருக்கு என்ன பதில் கொடுத்தது தெரியுமா? உரிமம் இல்லாமல் தன்னைப் பொறியாளர் என்று சொல்லிக்கொண்டதற்கு 500 டாலர் அபராதம்! அவர் வழக்குப் போட்டு 2018இல் ஜெயித்தார். 2020இல் அமெரிக்கப் போக்குவரத்துப் பொறியாளர்களின் அமைப்பே சூத்திரத்தைத் திருத்திக்கொண்டது.

இதையெல்லாம் ஒரு கோப்பில் சேர்த்தேன். டிக்கெட்டை எதிர்த்து முறையிடுவது என்று முடிவு. நான் தாண்டியது மஞ்சளே அல்ல, நல்ல சிவப்பு என்பது நடுநடுவே உறுத்தியது. அதைத் தள்ளிவைத்தேன். எனக்கு வேண்டியது ஒரு திருடன். அவன் கிடைத்துவிட்டான்.

எதிர்ப்பக்கத்திலும் தகவல்கள் இருந்தன. 2005இல் வந்த அரசு ஆய்வொன்று, கேமரா வைத்த சந்திப்புகளில் பக்கவாட்டில் வந்து இடிக்கும் விபத்துகள் சுமார் 25 சதவீதம் குறைந்தன என்றது. பயத்தில் சடாரென்று பிரேக் போடுவதால் பின்னாலிருந்து இடிப்பவை சுமார் 15 சதவீதம் கூடின. பின்னால் இடித்தால் பெரும்பாலும் பம்பர் போகும், பக்கவாட்டில் இடித்தால் ஆள் போகலாம். 2016இல் காப்பீட்டு நிறுவனங்களின் நிதியில் இயங்கும் சாலைப் பாதுகாப்பு அமைப்பு, கேமராக்களை அணைத்துவிட்ட நகரங்களையும் தொடர்ந்து வைத்திருந்த நகரங்களையும் ஒப்பிட்டது. அணைத்த இடங்களில் சிவப்பைத் தாண்டியதால் நிகழ்ந்த உயிர்ப்பலி விபத்துகளின் விகிதம் 30 சதவீதம் அதிகம் என்றது. ஆனால் ஹூஸ்டனில் மக்கள் வாக்களித்துக் கேமராக்களை எடுத்த பிறகு இரண்டு பொருளியலாளர்கள் கணக்குப் பார்த்தார்கள். கேமராவால் மொத்த விபத்தோ காயமோ குறைந்ததற்கு ஆதாரமில்லை என்றார்கள். நான் கடைசி ஆய்வுக்கு மட்டும் அடிக்கோடு போட்டுக்கொண்டேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஊரிலிருக்கும் சித்தப்பாவிடம் பேசினேன். அரசு பஸ்ஸில் முப்பது வருஷம் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர். லஞ்சக் கதையை எல்லாம் ரசித்துக் கேட்டார். "அங்கயும் நம்மூர் மாதிரிதானா!" என்று சிரித்தார். அப்புறம் கேட்டார்:

"அது கிடக்கட்டும். நீ நின்னியா?"

"கிட்டத்தட்ட நின்னேன் சித்தப்பா."

"கிட்டத்தட்ட நின்ன வண்டின்னா ஓடுற வண்டிதானடா."

"ரோட்ல யாருமே இல்ல சித்தப்பா."

"யாரும் இல்லன்னு உனக்கு எப்படித் தெரியும்? நின்னு பாத்தாதானே தெரியும்?"

எரிச்சலாக இருந்தது. அவருக்கு இந்த ஊர் நிலவரம் தெரியாது என்று நினைத்துக்கொண்டேன். முறையீட்டுக்கு எப்படியும் வீடியோ வேண்டும். அன்று ராத்திரி அந்த முகவரியைத் திறந்தேன்.

பத்துப் பதினைந்து விநாடிதான் ஓடுகிறது. விளக்கு ஏற்கெனவே சிவப்பு. என் கார் வருகிறது. பிரேக் விளக்கு எரிகிறது. நிற்கவில்லை. நின்ற மாதிரிகூட இல்லை. திரும்பிப் போய்விடுகிறது. முதல் தடவை பார்த்தபோது அவ்வளவுதான் தெரிந்தது. இரண்டாம் தடவை வலது ஓரத்தில் ஏதோ அசைந்தது. மூன்றாம் தடவை நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். இருட்டு நிறக் கோட்டுப் போட்ட ஒரு பெண். கையில் கடைப் பை. ஒரு கால் நடைபாதையை விட்டு ரோட்டில் இறங்கியிருக்கிறது. என் கார் அவர் முன்னால் திரும்புகிறது. கால் பின்னால் போகிறது. பை கீழே விழுகிறது. அவர் குனிகிறார். வீடியோ முடிகிறது.

அவரை நான் பார்க்கவே இல்லை. பார்த்திருக்க வாய்ப்பும் இல்லை. நான் இடதுபக்கம் வண்டி வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் வலதுபக்கம் நின்றிருந்தார். சிவப்பில் வலது திரும்புவதால் நடக்கும் விபத்துகள் மொத்தத்தில் மிகச் சொற்பம் என்று படித்து அதையும் கோப்பில் சேர்த்திருந்தேன். அதே இடத்தில் அடுத்த வரியும் இருந்தது: நடக்கும்போது அதில் சிக்குபவர் பல சமயம் நடந்து போகிறவர் அல்லது சைக்கிளில் போகிறவர். அந்த வரியை நான் எடுத்துக்கொள்ளவில்லை.

மறுநாள் 100 டாலரைக் கட்டினேன். கோப்பை அழிக்கவில்லை. அதில் இருப்பது எதுவும் பொய்யில்லை. அந்தப் பெண்ணுக்காகத்தான் கேமரா வைத்தார்கள் என்று இப்போதும் நான் நம்பவில்லை. அவருக்காக என்றால் முதலில் மஞ்சளைச் சரியாக அளந்திருப்பார்கள். "சிவப்பில் திரும்பாதே" என்று ஒரு பலகை வைத்திருப்பார்கள். எந்தச் சந்திப்பில் எத்தனை பேர் அடிபட்டார்கள் என்பதை வசூல் கணக்குக்குப் பக்கத்திலேயே போட்டிருப்பார்கள். வருஷா வருஷம் வருமானம் குறைந்தால் சந்தோஷப்பட்டிருப்பார்கள். எல்லோரும் ஒழுங்காக நின்றால் பட்ஜெட்டில் துண்டு விழும் என்று கவலைப்படுகிற நிர்வாகத்துக்கு, நாம் நிற்காமல் போவதுதான் லாபம்.

ஆனால் அந்த வாதம் முழுக்க ஊர் நிர்வாகத்துக்கும் எனக்கும் நடுவில் நடந்தது. கேமரா பாதுகாப்புக்கா காசுக்கா என்று இரண்டு வாரம் மண்டையை உடைத்துக்கொண்டேனே, அதில் ஒரு நிமிஷம்கூட ரோட்டில் இறங்கிய அந்தக் காலைப் பற்றி யோசிக்கவில்லை. காசுக்காக வைத்த கேமராவாகவே இருக்கட்டும், அன்றைக்கு அங்கே அவரைப் பார்த்தது அது ஒன்றுதான்.

இப்போது அந்தச் சந்திப்பில் நிற்கிறேன். முழுசாக. இடதுபக்கம் பார்த்துவிட்டு வலதுபக்கமும் பார்க்கிறேன். பின்னால் இருக்கிறவர் சில சமயம் ஹாரன் அடிக்கிறார். அடிக்கட்டும் என்று இருந்துவிடுகிறேன்.