செருப்பினுள் ஒரு சிறுகல்

எங்கள் வீட்டுச் சமையற்கட்டிலிருந்து அரிவாள்மணை காணாமற்போன நாளிலிருந்துதான் இதைத் தொடங்க வேண்டும்.

திருப்பனந்தாளில் அறுவடை முடிந்து, வாசலில் வைக்கோல் வாசம் நிறைந்திருந்த தை மாதம் அது. தலைப் பேற்றுக்காகத் தாய்வீடு வந்திருந்த என் அக்காள் மகளுக்குப் பிள்ளை பிறந்து நாற்பது நாள் ஆகியிருந்தது. காலையில் கறிகாய் நறுக்க அரிவாள்மணையைத் தேடிய அக்காள், வேலைக்காரப் பெண் முதல் எதிர்வீட்டுக்காரி வரை அனைவரையும் ஐயுற்றாள். அது பின்கட்டில், பழைய சாக்குகளுக்கு அடியில் கிடந்தது. மறுநாள் கத்தரிக்கோலையும் காணவில்லை. பிள்ளையைக் குளிப்பாட்ட அதன் தாய் மறுத்தாள். பிள்ளையோடு தனித்திருக்க நேர்ந்தால் ஏதேனும் ஒரு சாக்குச் சொல்லி எழுந்து போய்விடுவாள்.

அன்றிரவு திண்ணையில் என்னருகே வந்து அமர்ந்தாள். வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "மாமா, பிள்ளையைப் பார்க்கும்போதெல்லாம் அதை வெட்டிப்போடு என்று ஒரு நினைப்பு வருகிறது. நான் பேயா மாமா? கோவிலுக்குள் போகக்கூட எனக்குத் தகுதியில்லை" என்றாள்.

கேட்பவர் வேறொருவராயிருந்தால் அலறியிருப்பார். நான் அலறவில்லை. காரணம், அந்தப் பேயை எனக்கு ஐம்பது ஆண்டுகளாகத் தெரியும்.

1974இல் எனக்கு வயது பத்தொன்பது. கும்பகோணத்தில் படித்துக்கொண்டிருந்தேன். ஒரு ஞாயிறு திருப்பலியில், குருவானவர் அப்பத்தை உயர்த்திய அந்தக் கணத்தில், எழுத்தில் வடிக்கக் கூசும் ஒரு வசைச்சொல் என் உள்ளத்தில் எழுந்தது. திடுக்கிட்டேன். அடுத்த ஞாயிறு அது வந்துவிடக்கூடாதே என்று அஞ்சி நின்றேன், அஞ்சியதாலேயே வந்தது. பிறகு நற்கருணைப் பேழையைக் கண்டாலே வந்தது. சனிக்கிழமைதோறும் பாவசங்கீர்த்தனத் தொட்டியின் முன் வரிசையில் நிற்பேன். மன்னிப்புப் பெற்றுப் பேருந்து நிலையம் வரை நடப்பதற்குள், 'சரியாகச் சொன்னேனா, எதையேனும் மறைத்தேனா' என்ற ஐயம் எழும், திரும்பி ஓடுவேன். ஒரு குருவானவர் நல்லெண்ணத்தோடுதான், "இன்னும் ஆழமாக உன்னை ஆராய்ந்து பார்" என்றார். எரிகிற அடுப்பில் எண்ணெய் வார்த்ததுபோலாயிற்று. ஆராய்ந்து ஆராய்ந்து நான்கு நோட்டுப் புத்தகங்களை நிரப்பினேன். செபமாலையில் ஒரு மந்திரம் பிசகியதாகத் தோன்றினால் முதல் மணிக்கே திரும்புவேன். ஐம்பத்து மூன்று மணிச் செபமாலையை முடிக்க எனக்கு மூன்று மணிநேரம் ஆனதுண்டு. வீட்டில் அதைப் பக்தி என்றார்கள்.

இதற்குத் திருச்சபையில் பழைய பெயர் ஒன்று உண்டு. இலத்தீனில் 'ஸ்க்ரூப்புலுஸ்' என்பார்கள். கூரிய சிறுகல் என்பது அதன் பொருள். செருப்பினுள் புகுந்த கல் போல, அளவில் அற்பம். ஆனால் ஓரடிகூட நிம்மதியாக எடுத்து வைக்க விடாது. புனித இஞ்ஞாசியார் 1522இல் மன்ரேசா நகரில் தங்கியிருந்தபோது இக்கல் அவரை வதைத்தது. அறிக்கையிட்ட பாவங்களையே மீண்டும் மீண்டும் அறிக்கையிட்டார், நிம்மதியில்லை. மிகத் தெளிவாகத் தெரிகிற பழைய பாவங்களை மட்டும் சொன்னால் போதும் என்றார் ஒப்புரவுக் குரு. இஞ்ஞாசியாருக்கோ எல்லாமே தெளிவாகத் தெரிந்தன! தம் அறையிலிருந்த ஒரு குழியில் குதித்து உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம்கூட அவரைத் தாக்கியதென்று அவரே சொல்லிப் பதிவாகியிருக்கிறது. இறுதியில், பழையவற்றை இனி ஒருபோதும் அறிக்கையிடுவதில்லை என்று முடிவு செய்தார், விடுபட்டார். ஒழுக்கநெறி இறையியலின் பேராசானாகிய புனித அல்போன்ஸ் லிகோரியாரையும், சிறுமியாயிருந்த லிசியே தெரசாளையும் இக்கல் விட்டு வைக்கவில்லை.

எனக்கும் ஒரு முதிய குருவானவர் வாய்த்தார். "இனிமேல் இதைப் பாவசங்கீர்த்தனத்தில் சொல்லக்கூடாது. நற்கருணை வாங்கு. ஐயம் வந்தால் ஐயத்தோடேயே வாங்கு. குற்றமென்றால் அது என் தலையில்" என்றார். சில மாதங்கள் கீழ்ப்படியாமல் அலைந்தேன். கீழ்ப்படிந்தபின் மெல்ல மெல்லக் கல் மழுங்கிற்று. அது ஒரு நோயென்று அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

இன்று மருத்துவர்கள் அதை எண்ணச் சுழற்சி நோய் என்கிறார்கள், சுருக்கமாக ஓ.சி.டி. உலகில் 100 பேரில் இருவர் அல்லது மூவருக்கு வாழ்நாளில் எப்போதேனும் இது வருவதாகக் கணக்கு. அது பூணும் வேடங்கள் பல. என் அத்தை ஒருவர் இருந்தார். கிணற்றடியில் கைகளைச் சாம்பலாலும் சவுக்காரத்தாலும் தோல் வெடிக்கும்வரை தேய்ப்பார். யாராவது தொட்டுவிட்டால் மீண்டும் முதலிலிருந்து. ஆசாரக்காரி என்று ஊர் மெச்சியது. அவர் இரவில் அழுததை யாரும் கேட்கவில்லை. கதவைப் பூட்டிவிட்டோமா என்று பத்து முறை திரும்பிப் பார்ப்பவர் உண்டு. பொருள்கள் நேராக அமையாவிட்டால் துடிப்பவர் உண்டு. வெளியே ஒரு அசைவும் இல்லாமல், உள்ளுக்குள்ளேயே எண்ணி, செபித்து, நினைவைக் கிளறிக் கிளறிச் சோதித்துக்கொண்டிருப்பவரும் உண்டு. வேடங்கள் வேறு; உள்ளே ஓடும் சக்கரம் ஒன்றே. ஒரு நினைப்பு, அதனால் அச்சம், அச்சம் தணிய ஒரு சடங்கு, சற்றே நிம்மதி, மீண்டும் அந்த நினைப்பு. அந்தச் சிறு நிம்மதிதான் சக்கரத்துக்கு ஊற்றும் எண்ணெய்.

அந்த நினைப்பு எங்கிருந்து வருகிறது? இதில் ஒரு செய்தி என்னை வியப்பில் ஆழ்த்தியது. இலண்டனில் ஸ்டான்லி ராக்மன் என்பவரும், இலங்கையரான பத்மல் டி சில்வா என்பவரும் 1978இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். நோயற்ற சாதாரண மக்களில் பத்தில் எட்டுப் பேருக்கு இத்தகைய வேண்டாத எண்ணங்கள் வருவதாக அவர்கள் கண்டார்கள். இரு சாராரின் எண்ணங்களையும் கலந்து வைத்தால், எது நோயாளியினுடையது என்று வல்லுநர்களால்கூட எளிதில் பிரித்தறிய முடியவில்லை. ஆக, நினைப்பு நோயன்று. பிறர் அதை ஈயைப்போல் விட்டுவிடுகிறார்கள். நம் போன்றோர் அதைப் பிடித்து வைத்து, 'நீ யார், ஏன் வந்தாய், நான் யார்' என்று விசாரிக்கிறோம். எது நமக்கு மிக அருமையோ அதையே அது தொடும். பக்தனுக்குத் தேவநிந்தை, தாய்க்குப் பிள்ளையின் உயிர்.

மருந்து குடிக்கையில் குரங்கை நினையாதே என்று நம் பாட்டிமார் கதை சொன்னார்கள். விரட்ட விரட்ட அது மடியிலேயே வந்து அமரும். எங்கள் ஊர்க் கோயிலின் தலபுராணத்திலும், சாய்ந்த இலிங்கத்தை யானைகளைப் பூட்டி இழுத்தும் அரசனால் நிமிர்த்த இயலவில்லை என்பார்கள். வல்லந்தம் எடுபடாத இடங்கள் உண்டு.

இவ்வளவும் தெரிந்திருந்தும் நான் தவறு செய்தேன். "நீ ஒன்றும் செய்யமாட்டாய் அம்மா, பயப்படாதே" என்று அன்றிரவு ஆறுதல் சொன்னேன். அவள் தெளிந்தாள். விடிந்ததும் மீண்டும் கேட்டாள், மீண்டும் சொன்னேன். ஒரு வாரத்தில் நாளொன்றுக்கு இருபது முறை கேட்கலானாள். நானே அவளுடைய பாவசங்கீர்த்தனத் தொட்டி ஆகிவிட்டேன்.

அக்காள் வேளாங்கண்ணி எண்ணெயைப் பூசினாள். செபக் கூட்டத்துக்கு அழைத்துப் போகவேண்டும் என்றாள். நான் மறுக்கவில்லை. ஆனால் மருத்துவரைப் பார்க்காமல் முடியாது என்று பிடிவாதமாய் நின்று, தஞ்சையில் ஒரு மனநல மருத்துவரிடம் அழைத்துச் சென்றேன். அவர் முதலில் ஒன்றை உறுதி செய்துகொண்டார். குரல்கள் கேட்கின்றனவா, பிள்ளையைப் பற்றி விபரீதமான நம்பிக்கைகள் உண்டா, உறக்கமே இல்லாமல் நிலை தடுமாறுகிறதா என்று வினவினார். அப்படியிருந்தால் அது வேறு நோய், ஒருநாளும் தாமதிக்கக்கூடாது என்றார். இவளுக்கு அவை இல்லை. தன் நினைப்பைக் கண்டு தானே நடுங்கும் தாய் இவள். பால் கொடுப்பவளுக்கு ஏற்ற மருந்தைத் தந்து, பலன் தெரிய எட்டு முதல் பன்னிரண்டு வாரங்கள் ஆகலாம், இடையில் நிறுத்தாதீர்கள் என்றார். மற்றொரு சிகிச்சையும் சொன்னார். அஞ்சுவதை நேர்கொள்ள வேண்டும். அச்சம் தணியச் செய்யும் சடங்கைச் செய்யாதிருக்க வேண்டும். 1966இல் இலண்டனில் விக்டர் மேயர் என்பவர் தொடங்கிவைத்த வழி அது. அந்த முதிய குருவானவர் எனக்கு இட்ட கட்டளையும் ஏறத்தாழ அதுவே என்பதை வண்டியில் திரும்பும்போது நினைத்துக்கொண்டேன்.

பிறகு என் பக்கம் திரும்பி, "ஐயா, இனி நீங்கள் ஆறுதல் சொல்லக்கூடாது" என்றார். மருந்து விழுங்குவதைவிட அது கடினமாயிருந்தது.

அரிவாள்மணை முதலில் சமையற்கட்டுக்குத் திரும்பியது. அடுத்த வாரம் பிள்ளை கிடக்கும் கூடத்துக்கு வந்தது. பங்குனியில் ஒருநாள், பாயில் பிள்ளை கைகால் உதைத்துக் கிடக்க, நான்கு முழத்துக்கு அப்பால் அவள் அரிவாள்மணையின் முன் அமர்ந்து வாழைக்காயை எடுத்தாள். முகமெல்லாம் வியர்வை. அக்காள் வாசலுக்குப் போய்விட்டாள்.

"மாமா, ஒன்றும் ஆகாதில்லையா?"

பதில் என் நுனிநாக்கில் இருந்தது. விழுங்கிவிட்டு, "எனக்குத் தெரியாதம்மா. நீ நறுக்கு" என்றேன்.

என்னை வெறுப்போடு பார்த்தாள். பிறகு குனிந்து நறுக்கினாள். அரைமணி நேரத்தில் தோள்கள் தளர்ந்தன. பிள்ளை உறங்கிப்போயிருந்தது. அன்றைய பொரியலில் உப்பு மிகுதி, யாரும் சொல்லவில்லை.