விதியும் ஊசலும்

இரயில்வே அலுவலகத்தில் எழுத்தராகப் பணிபுரியும் நமக்குக் கால அட்டவணையின்மீது தனிப்பற்று உண்டு. பெங்களூரில் குடியேறிய நாள்முதல் இல்லத்திலும் அவ்வாறே. ஒன்பதாம் வகுப்புப் பயிலும் மைந்தனுக்குப் பத்தாண்டு அட்டவணை ஒன்று எழுதிச் சுவரில் ஒட்டியிருந்தோம். இன்ன ஆண்டில் பி.யு.சி., இன்ன ஆண்டில் பொறியியல், இன்ன ஆண்டில் உத்தியோகம்! நமது படிப்பு மெட்ரிகுலேஷனோடு நின்றது விதியின் செயல் என்பது நமது எண்ணம். மைந்தனை அவ்விதி தீண்டலாகாது.

அரையாண்டுத் தேர்வில் கணக்கில் அவன் மதிப்பெண் குறைந்தது. "இனி எல்லாம் கெட்டது" என்று கடிந்துரைத்தோம். பத்து நாள் அவன் நம்மிடம் முகங்கொடுத்துப் பேசவில்லை.

சென்ற ஞாயிறன்று, கஸ்தூரிபா சாலையில் 1962ஆம் ஆண்டு திறக்கப்பெற்ற விசுவேசுவரய்யா அருங்காட்சியகத்திற்கு அவனை அழைத்துச் சென்றோம். அன்றிரவு அவனே வந்து, "அப்பா, இதைச் சற்றுப் பாருங்கள்" என்று கணிப்பொறியைக் காட்டினான். திரையில் ஓர் ஊசல். அதன் நுனியில் மற்றோர் ஊசல். அதனை இரட்டை ஊசல் என்பர். அத்தகைய இரண்டனை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, ஒன்றை 10 பாகையிலும் மற்றதை 10.1 பாகையிலும் விடுத்தான். இரண்டும் இணைபிரியாது ஆடின. பின்னர் 120 பாகையிலும் 120.1 பாகையிலும் விடுத்தான். சில நொடிகள் ஒன்றாகவே சென்றவை, திடீரெனப் பிரிந்து, ஒன்று வலமும் மற்றது இடமுமாகச் சுழன்றன.

"பொறியில் ஏதோ பழுது" என்றோம். அவன் நகைத்து, இரண்டையும் 120 பாகையிலேயே விடுத்தான். அவை பிரியவே இல்லை. "இரண்டுக்கும் விதி ஒன்றேதான், அப்பா. தொடக்கத்தில்தான் மயிரிழை வேற்றுமை" என்றான்.

ஊசலின் ஒழுங்கை நம்பியே 1656இல் ஹைகன்ஸ் என்னும் அறிஞர் கடிகாரம் அமைத்தார். ஆயின் 1961இல், அமெரிக்க வானிலை அறிஞர் எட்வர்டு லோரன்ஸ் தம் கணிப்பொறியில் 0.506127 என்னும் எண்ணுக்கு மாறாக 0.506 என்று இட்டார். தொடக்கத்தில் ஒத்துவந்த கணிப்பு, போகப்போக முற்றிலும் வேறாயிற்று. சில நாள் வானிலையைக் கூறலாம். அடுத்த ஆண்டு இன்ன நாளில் மழை என்று கூறவியலாமை இதனாலன்றோ?

நம் தமிழில் இயற்கையின் சட்டமும் விதி, தலையெழுத்தும் விதி. இவ்விரண்டும் ஒன்றே என மயங்கியிருந்தோம். சட்டம் மாறாதிருந்தும் முடிவை முன்னறிய இயலாது என்பதை ஊசல் உணர்த்திற்று. ஒரு தேர்வு ஒருவன் வழியைத் திருப்பலாம். எப்பக்கம் திருப்பும் என்று எவரே அறிவர்? 'கெட்டது' என்று தீர்ப்பளிக்க நாம் யார்?

மறுநாள் பத்தாண்டு அட்டவணையைச் சுவரினின்றும் எடுத்துவிட்டோம். இவ்வாரத்திற்கு மட்டும் ஒன்று எழுதினோம். நாள்தோறும் மாலை ஏழு மணிக்குக் கணக்கு. உடன் அமர்பவர், தந்தை. மைந்தன் அதனைப் படித்துப் பார்த்துத் தானே சுவரில் ஒட்டினான்.