எங்கே என்று முதலில் சொல்லுங்கள்

உணவு கொண்டுபோய்க் கொடுக்கும் வேலைக்கு நான் வந்தது 2020இல், நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை போட்டு ஊரே அடங்கிக் கிடந்த நேரத்தில். அதற்கு முன் பினாங்கின் பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் லைனில் நின்றேன். அங்கே கழிப்பறைக்குப் போவதென்றாலும் சூப்பர்வைசரிடம் சொல்லிவிட்டுத்தான் போக வேண்டும். அதனால் செயலியில் சேரும்போது ‘உங்கள் நேரம் உங்கள் கையில்’ என்று சொன்னது காதில் தேனாகப் பாய்ந்தது. மகளைத் தமிழ்ப்பள்ளியில் விட்டுவிட்டு ஓடலாம், அவள் திரும்பும் நேரத்துக்கு வீட்டில் இருக்கலாம். அவர்கள் சொன்னது பொய்யில்லை. இன்றுவரை இந்த வேலையில் நான் ஒட்டிக்கொண்டிருப்பது அந்த ஒரு வசதிக்காகத்தான்.

ஆனால் எப்போது வேலைக்கு வருவது என்பதுதான் என் கையில் இருந்தது. வந்த பிறகு எங்கே போவது என்பது போனின் கையில்.

ஆர்டர் வந்தால் போன் விடாமல் கத்தும். திரையில் கடையின் பெயரும் கூலியும் தெரியும். கீழே ஒரு கோடு தேய்ந்துகொண்டே வரும், அது தீர்வதற்குள் தொட வேண்டும். கையில் நனைந்த கையுறை, திரையெல்லாம் மழைத்துளி, பின்னால் ராப்பிட் பஸ் ஹாரன் அடிக்கிறது. அந்தச் சில நொடிகளில் யோசிக்க எங்கே நேரம்? நான் ஓடிய செயலியில் அப்போதெல்லாம் சாப்பாட்டைக் கையில் வாங்கிய பிறகுதான் கொடுக்க வேண்டிய முகவரி தெரியும். மெக்காலிஸ்டர் ரோட்டில் எடுத்தது பக்கத்துச் சந்துக்கா, மலையைத் தாண்டியா என்று பையில் போட்டு ஜிப்பை இழுத்த பிறகுதான் விளங்கும்.

வேண்டாம் என்று ஒதுக்கலாம், யாரும் தடுக்கவில்லை. ஆனால் ஒதுக்கியது கணக்கில் ஏறும். வாராவாரம் எங்களைப் பேட்ச் பிரிப்பார்கள். மேல் பேட்சுக்கு நல்ல ஷிப்ட் முதலில் திறக்கும், கீழே போனவர்களுக்கு மத்தியான வெயிலில் ஆர்டரே வராத நேரம்தான் மிஞ்சும். அந்தக் கணக்கைப் போடுவது யார், எப்படிப் போடுகிறார்கள் என்று கேட்க ஆள் கிடையாது. கேட்டால் சாட்டில் ஒரு பதில் வரும், எல்லாருக்கும் அதே பதில்.

இதைச் சொல்லக் கூச்சமாக இருக்கிறது, ஆனாலும் சொல்கிறேன். நான் பயந்துகொண்டே ஓடினேன். இருட்டுக்குப் பயம், மழையில் மேடு ஏறப் பயம், தெரியாத பிளாட்டில் லிப்டுக்குள் தனியாக நிற்கப் பயம். கடைவாசலில் ஆண் ரைடர்களோடு காத்திருக்கும்போது அதைக் காட்டிக்கொண்டதே இல்லை. பயந்த இடத்துக்கும் வாயை மூடிக்கொண்டு போவேன். அந்தப் பயத்தையெல்லாம்விட, ஒதுக்கினால் அடுத்த வாரம் ஷிப்ட் திறக்காது என்ற பயம் பெரிதாக இருந்தது.

பினாங்கில் தைப்பூசம் எப்படி இருக்கும் என்று இங்கிருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. இரதம் போகும் வழியெல்லாம் தேங்காயை மலைபோல் குவித்து உடைப்பார்கள். தார்ச்சாலை முழுக்கத் தேங்காய்த் தண்ணீரும் ஓட்டுச் சில்லுமாகக் கிடக்கும். அதன்மேல் மோட்டோவின் சக்கரம் எண்ணெயில் ஏறியதுபோல் வழுக்கும். தண்ணீர்மலைக்குப் போகும் ஜாலான் கெபுன் புங்காவில் பந்தல், காவடி, ஜனம். செயலியின் வரைபடத்துக்கு அது எதுவும் தெரியாது, அந்த நடுவில்தான் நீலக்கோடு போட்டுக் காட்டும். ஒரு வருஷம் நான் வண்டியைத் தூரத்தில் நிறுத்திவிட்டு, கோழிப் பொட்டலம் இருந்த பையை மார்போடு அணைத்துக்கொண்டு, பால்குடம் எடுத்துப் போகிறவர்களுக்கு நடுவே நடந்தேன். விரதக்காரர்கள் மேல் பை பட்டுவிடக் கூடாதே என்று ஒதுங்கி ஒதுங்கிப் போனபோது அழுகையே வந்துவிட்டது. அந்த ஊர்வலத்தில் நானும் பால்குடம் எடுத்திருக்கிறேன். அன்றைக்கு அந்தத் தெருவுக்குப் போகமாட்டேன் என்று சொல்ல எனக்கு ஒரு வழி இருந்திருக்க வேண்டும்.

அதற்குப் பிறகு ஒரு மழை இரவு, பாயா தெருபோங். அங்கே அடுக்குமாடிகள் மலைச்சரிவில் நெருக்கியடித்து நிற்கும், சாலையும் மேடுதான். நான் போன பிளாக்கில் லிப்ட் ஓடவில்லை. வீடு உச்சிக்குப் பக்கத்தில். படிக்கட்டில் விளக்கில்லை, முதல் திருப்பத்தில் சிலர் குடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். வாடிக்கையாளருக்குப் போன் போட்டு, கீழே வர முடியுமா என்று கேட்டேன். காசு கொடுத்திருக்கிறேன், மேலே வா என்றார். காவலுக்கு இருந்த ஜாகாவிடம் பொட்டலத்தைக் கொடுத்து, படம் எடுத்து அனுப்பிவிட்டுத் திரும்பினேன். மறுநாள் புகார். அந்த வாரமே பேட்ச் இறங்கியது. என் பக்கத்தை யாரும் கேட்கவில்லை.

எங்களோடு ஓடும் ஜெலுத்தோங் மாமாவிடம் புலம்பினேன். அவருடைய அப்பா அந்தக் காலத்தில் சூலியா ஸ்திரீட்டில் பேச்சா என்ற சைக்கிள் ரிக்‌ஷா மிதித்தவர். “எங்கப்பா பள்ளிக்கூடம் போனவரில்லம்மா. ஆனா ஆளு ஏறுறதுக்கு முன்னாடி ‘எங்க போவணும்’னு கேப்பாரு. மேடுன்னா ஒரு ரேட்டு, ராத்திரின்னா ஒரு ரேட்டு. வேணாம்னா வேணாம்னு சொல்லிட்டுக் காலை நீட்டிப் படுத்துக்குவாரு. கையில போன வச்சிருக்கோம், நமக்கு அந்தக் கேள்வி கேக்க வாயில்ல” என்றார்.

அதுவரை நான் கேட்டதெல்லாம் கூலி உயர்வு ஒன்றுதான். 2022 ஆகஸ்டில் நாடு முழுக்க ரைடர்கள் செயலியை அணைத்துப் போராடியபோதும் பேச்சு பெரும்பாலும் கட்டணத்தைப் பற்றித்தான். அது நியாயமான கோரிக்கை, இன்றைக்கும் நியாயம். ஆனால் அந்த இருட்டுப் படிக்கட்டுக்கு இரண்டு வெள்ளி கூட்டிக் கொடுத்திருந்தாலும் நான் ஏறியிருக்க மாட்டேன். மாமா பேசிய பிறகுதான் எனக்கு எது இல்லாமல் போனது என்று தெளிந்தது.

2025 ஆகஸ்ட் 28ஆம் தேதி கிக் தொழிலாளர் மசோதா மக்களவையில் நிறைவேறியது, செப்டம்பர் 9இல் மேலவையில். கொண்டுவந்தவர் அப்போது மனிதவள அமைச்சராக இருந்த ஸ்டீவன் சிம், எங்கள் புக்கிட் மெர்தாஜாம் நாடாளுமன்ற உறுப்பினர். டிசம்பரில் அந்தப் பொறுப்பு ரமணனிடம் வந்தது. பத்து லட்சத்துக்கு மேற்பட்ட எங்களைப் போன்றவர்களுக்குச் சட்டத்தில் ஒரு பெயர் கிடைத்திருக்கிறது. எழுத்தில் சேவை ஒப்பந்தம் வேண்டும், காரணம் இல்லாமல் கணக்கை முடக்கக் கூடாது, தகராறு வந்தால் போக ஒரு தீர்ப்பாயம், கட்டணம் பற்றிப் பேச ஓர் ஆலோசனை மன்றம், விபத்துக் காப்புக்குக் கட்டாயப் பெர்க்கேசோ சந்தா. சந்தாவைப் பற்றி எங்களில் சிலர் முணுமுணுத்தார்கள். நான் முணுமுணுக்கவில்லை. விழுந்து கால் உடைந்து வீட்டில் கிடந்த ரைடர்களைப் பார்த்திருக்கிறேன்.

ஆனாலும் பெர்க்கேசோ என்பது விழுந்த பிறகு வரும் உதவி. தீர்ப்பாயம் என்பது முடக்கிய பிறகு போகும் இடம். விழக்கூடிய இடத்துக்குப் போகாமல் இருப்பதற்கு என்ன வழி என்பதுதான் என் கேள்வி.

இதற்கு வழி காட்டிய ஊர் உண்டு. நியூயார்க்கில் சாப்பாடு கொண்டுபோகிறவர்களில் பலர் குவாத்தமாலாவிலிருந்தும் மெக்சிகோவிலிருந்தும் பிழைக்க வந்தவர்கள். இரவில் பாலத்தில் மறித்து அடித்து மின்சைக்கிளைப் பறித்துக்கொண்டு போகும் கொடுமை அங்கே நடந்தது. அவர்கள் ‘லாஸ் டெலிவரிஸ்தாஸ் உனிதோஸ்’ என்று ஒன்றுசேர்ந்து போராடினார்கள். 2021 செப்டம்பரில் நகர மன்றம் சட்டங்கள் இயற்றியது. 2022 ஏப்ரல் 22 முதல், எவ்வளவு தூரம் வரை போவேன் என்பதை ரைடரே வைத்துக்கொள்ளலாம். பாலத்தையும் சுரங்கச்சாலையையும் கடக்க மாட்டேன் என்று சொல்லலாம். ஓட்டத்தை ஏற்பதற்கு முன்பே எங்கே எடுப்பது, எவ்வளவு தூரம், எவ்வளவு கூலி என்று செயலி காட்டியாக வேண்டும்.

இதைப் படித்தபோது நம் பினாங்குப் பாலம்தான் நினைவுக்கு வந்தது. 13.5 கிலோமீட்டர். 2019 ஜனவரியிலிருந்து மோட்டார் சைக்கிளுக்கு டோல் கிடையாது. சாப்பாடு அவ்வளவாக அதைத் தாண்டிப் போவதில்லை. எங்களுக்கு அந்தப் பாலம் பாயா தெருபோங் மேடும், ஒருபக்கம் மலையும் மறுபக்கம் கடலுமாக நெளியும் பத்து ஃபெரிங்கி வளைவுகளும்தான். அங்கே போனால் திரும்பும்போது பெரும்பாலும் வெறும் பைதான். அந்த எண்ணெய்க் காசு யார் கணக்கிலும் வராது.

பேட்ச் விஷயத்துக்கும் ஒரு தீர்ப்பு இருக்கிறது. இத்தாலியில் பொலோன்யா நீதிமன்றம் 2020 டிசம்பர் 31இல் டெலிவரூ நிறுவனத்துக்கு எதிராகச் சொன்னது அது. ஷிப்ட் எடுத்துவிட்டு வராதவரை அதன் கணிப்பு முறை தரம் இறக்கியது. அவர் நோயில் படுத்தாரா, வேலைநிறுத்தத்தில் நின்றாரா, சும்மா வராமல் இருந்தாரா என்று அது பிரித்துப் பார்க்கவில்லை. அப்படிப் பார்க்காததே பாகுபாடு என்று நீதிமன்றம் முடிவு செய்தது. என் மழை இரவையும் அப்படி யாராவது பிரித்துப் பார்த்திருக்கலாம் என்று எனக்குத் தோன்றியது.

என் அக்காவிடம் இதையெல்லாம் சொன்னேன். அவள் குடியிருப்பதே பாயா தெருபோங்கில்தான். “எல்லாரும் இந்தப் பக்கம் வரமாட்டேன்னா, இங்க இருக்கிற வயசானவங்க சாப்பிட வேணாமாடி?” என்று கேட்டாள். நியாயமான கேள்வி. இரண்டு நாள் மண்டையைக் குடைந்தது. அந்த வயசானவர்களுக்குச் சாப்பாடு போக வேண்டும், ஆனால் அது என் பயத்தைத் தண்டித்துப் போக வேண்டியதில்லை. மேடென்று முன்கூட்டியே சொல்லி, திரும்பும் தூரத்துக்கும் சேர்த்துக் கூலி கொடுத்தால் விரும்பிப் போகிற ஆள் எங்களிலேயே உண்டு. அந்தப் பக்கமே குடியிருக்கும் ரைடர்களுக்கு அது வீட்டுக்குப் போகும் வழி. நானே பகலில் போவேன். லிப்ட் ஓடாத பிளாக் என்றால் கீழே வந்து வாங்கிக்கொள்ளச் சொல்லவும் செயலியால் முடியும்.

இப்போதெல்லாம் மழை இரவில் நான் செயலியை அணைத்துவிடுகிறேன். வருமானம் குறைகிறது. மாதக் கடைசியில் தெரிகிறது.

சட்டம் சொல்லும் சேவை ஒப்பந்தம் போனில்தான் வரும், கடைசியில் சம்மதம் என்று ஒரு பொத்தானோடு. மற்றதையெல்லாம் படிக்காமல் அமுக்கியிருக்கிறேன். இதை அமுக்கமாட்டேன். மாமாவும் நானும் நாசி கண்டார் கடையில் உட்கார்ந்து வரிவரியாகப் படிப்பதாக இருக்கிறோம். ஏற்பதற்கு முன் முகவரி காட்டப்படுமா, தூரத்துக்கு நான் எல்லை வைத்துக்கொள்ளலாமா, ஒதுக்கியதற்காகப் பேட்ச் இறங்காது என்று எழுதியிருக்கிறதா என்று தேடுவோம். இல்லையென்றால் மனிதவள அமைச்சுக்கு எழுதுவேன். தமிழில் நான் சொல்லச் சொல்ல மலாயில் எழுதித் தருவதாக மகள் ஒத்துக்கொண்டிருக்கிறாள்.