கல்லைப் புரட்டுகிறவர்

எங்கள் தெருக் குழாயில் வருவது பில்லூர்த் தண்ணீர். குந்தா மலையில் அணை அணையாகத் தேங்கி, மின்நிலையம் மின்நிலையமாக இறங்கிப் பில்லூருக்கு வந்து, அங்கிருந்து கோயம்புத்தூருக்கு வருகிறது. இத்தனை வருஷம் குடித்தும் அது பிறக்கிற இடத்தைப் பார்த்ததில்லை. போன டிசம்பரில் மீன் ஆய்வாளரான நண்பர் ஒருவர், “ஓடைக்கு நாடி பிடிக்கப் போறோம், வர்றீங்களா?” என்று கேட்டதும் கிளம்பிவிட்டேன்.

நண்பர் முதலில் மோயாற்றில் வேலை பார்த்தவர். அங்கே திமில் உள்ள மாசீர் மீன் இருக்கிறது. தூண்டில்காரர்கள் நூறு வருஷத்துக்கு மேலாகப் பேசிவந்த அந்த மீனுக்கு உரிய அறிவியல் பெயர் ‘டோர் ரெமாதேவியை’ என்பது 2018-ல்தான் உறுதியானது. அதற்குள் அது அழிவின் விளிம்புக்கு வந்துவிட்டிருந்தது. “மீனை எண்ணிக்கிட்டே இருந்தேன். எண்ணிக்கை ஏன் குறையுதுன்னு பார்க்க மேல ஏறி வந்தேன். இன்னும் ஏறிக்கிட்டேதான் இருக்கேன்” என்றார்.

முதல் நாள் வனத்துறை அனுமதியோடு அவலாஞ்சிக்கு மேலே, சோலைக்குள்ளிருந்து இறங்கும் ஒரு சிற்றோடை. 2019 ஆகஸ்டில் ஒரே நாளில் 800 மில்லிமீட்டருக்கு மேல் மழை கொட்டிய இடம் இது. சரிந்த மலையின் வடு இன்னும் தெரிகிறது. ஆனால் சோலைக்குள் ஓடை கண்ணாடியாக இருந்தது. நண்பர் மின்கருவியைத் தண்ணீரில் இறக்கினார். வெப்பம் 12 டிகிரி. கரைந்த ஆக்சிஜன் லிட்டருக்கு 8 மில்லிகிராமுக்குச் சற்று மேல். இரண்டாயிரம் மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் குறைவு. அதனால் தண்ணீரில் கரையும் ஆக்சிஜனும் சமவெளியைவிட ஐந்தில் ஒரு பங்கு குறையும். அந்தக் குறையை ஈடுகட்டுவது குளிர்ச்சிதான், அந்தக் குளிர்ச்சியைத் தருவது சோலை நிழல். மரத்தை வெட்டினால் மீனுக்கு மூச்சு முட்டும் என்பதன் கணக்கு இவ்வளவுதான்.

வரைபடம், சரிவு, மண்வகை என்று மடிக்கணினியில் அவர் காட்டியதை எல்லாம் இங்கே விட்டுவிடுகிறேன். என் கண் முழுக்க, எங்களோடு வந்திருந்த களப்பணியாளரான ஒரு பெரியவர் மீதே இருந்தது.

அறுபது வயதுக்கு மேலிருக்கும். முழங்கால்வரை ரப்பர் பூட்ஸ். வலையை ஓடையின் அடியில் அழுத்தி நிறுத்தி, அதற்கு மேற்புறமாக நின்று, கால்களால் கற்களைக் கிளறினார். கிளறக் கிளற அடியில் ஒட்டியிருந்த உயிர்கள் நீரோட்டத்தில் வந்து வலையில் விழுந்தன. மூன்று நிமிஷம். அதன் பிறகு பெரிய கற்களை ஒவ்வொன்றாகக் கையில் எடுத்து, திருப்பிப் பார்த்து, விரலால் வழித்துவிட்டு, எடுத்த குழியிலேயே, எடுத்த பக்கமாகவே திரும்ப வைத்தார். ஒரு கல்லைக்கூடப் போட்டுவிட்டு நகரவில்லை.

வலையில் சேர்ந்ததை ஒரு தட்டில் கொட்டினார். ஆய்வகம் கொடுத்த பிளாஸ்டிக் தட்டு பையிலேயே கிடந்தது. இது வெள்ளை எனாமல் தட்டு, ஓரத்தில் நீலக்கோடு, இரண்டு இடத்தில் எனாமல் தெறித்துக் கறுத்திருந்தது. அரை அங்குலத் தண்ணீரில் முதலில் சருகும் மணலும்தான் தெரிந்தன. “பேசாம பாருங்க சார்” என்றார். ஒரு சருகு நடந்தது. ஒரு மணல்துண்டு தலையை நீட்டியது. அது மணலை ஒட்டி வீடு கட்டிக்கொள்ளும் புழு. பெரியவருக்கு அது ‘கூட்டுப்பூச்சி’. தட்டையாக வழுக்கி ஓடியது ‘மூணுவாலு’, நூல்களில் மேஃப்ளை என்றிருக்கும். கறுப்பும் மஞ்சளுமாக, விரல்நுனி அளவில், கொக்கிக் கால்களோடு தட்டின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றது ‘ரெண்டுவாலு’. இதுதான் ஸ்டோன்ஃப்ளையின் இளம்பருவம்.

“வாலை மட்டும் எண்ணி ஏமாறக் கூடாது. மூணுவாலுலயும் ரெண்டு வால் உள்ளது உண்டு. காலைப் பாருங்க, நுனியில ரெண்டு நகம் இருக்கா? அப்பத்தான் இது.” லென்ஸில் பார்த்தேன். இரண்டு நகம்.

இந்தப் பூச்சிக் குடும்பங்களுக்கெல்லாம், தண்ணீரின் தூய்மையைச் சொல்லும் மதிப்பெண் உண்டு. பிரிட்டனில் உருவாகி, நம் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியமும் இங்குள்ள ஆறுகளுக்கு ஏற்ப மாற்றி எடுத்துக்கொண்ட முறை. மாசு கொஞ்சமும் தாங்காத ரெண்டுவாலுக்குப் பத்து. எதையும் தாங்கும் மண்புழு இனத்துக்கு ஒன்று. கருவி அந்த நிமிஷத்துத் தண்ணீரைத்தான் சொல்லும். ரெண்டுவாலு, இனத்தைப் பொறுத்து, ஒரு வருஷமோ அதற்கு மேலோ அதே ஓடையின் கல்லடியில் வாழ்கிறது. இடையில் ஒருநாள் விஷம் வந்துபோயிருந்தாலும் தட்டில் அது இருக்காது.

பெரியவர் கல்லைப் புரட்டக் கற்றது எந்த ஆய்வகத்திலும் இல்லை. நுவரெலியாப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில் பிறந்தவர். 1964-ல் கொழும்பும் டெல்லியும் போட்ட ஒப்பந்தத்தில் அவர் குடும்பம் இந்தியாவுக்கு ஒதுக்கப்பட்டது. எட்டு வயதில் தலைமன்னாரில் கப்பலேறி, மண்டபம் முகாமில் இருந்து, நீலகிரிக்கு வந்தார்கள். அந்தத் தட்டு அம்மா பெட்டியில் வைத்துக் கொண்டுவந்தது. “அங்கயும் ஓடை, இங்கயும் ஓடை. சோத்துக்கு இல்லாத நாள்ல நண்டு பிடிப்போம். கல்லைப் புரட்டிட்டு அப்படியே விட்டா நண்டு மறுபடி வராது. வச்ச மாதிரி வச்சா நாளைக்கும் இருக்கும். அம்மா அடிச்சுச் சொல்லிக்கொடுத்தது.” பிறகு நாற்பது வருஷம் கேரட் தோட்டங்களில் மூட்டை சுமந்தார். இடுப்பு போனதும் யாரோ இந்த வேலைக்குச் சேர்த்துவிட்டார்கள்.

சேர்த்துவிட்டவர் ஆள் பிடித்துத் தரும் ஒப்பந்தக்காரர். பெரியவரின் கூலி அவர் கை வழியாகத்தான் வருகிறது, ஐந்தில் ஒரு பங்கு கழிந்து வருகிறது. சாயங்காலம் டீக்கடையில் இதைச் சாதாரணமாகச் சொன்னார். எனக்குத்தான் கை நடுங்கியது. ஓடையில் இறங்காதவன், ஒரு கல்லைத் தொடாதவன், இந்தக் குளிரில் விறைத்த விரல்களின் உழைப்பில் பங்கு எடுக்கிறான். ஆய்வறிக்கையின் கடைசிப் பக்கத்தில் நன்றி சொல்கிற இடத்தில்கூட ‘களப்பணியாளர்கள்’ என்று ஒரே சொல்தான் இருக்கிறது. நண்பரிடம் கோபமாகவே கேட்டேன். அடுத்த அறிக்கையில் பெயர் போடுவதாகவும், கூலி நேராக வங்கிக் கணக்குக்குப் போக எழுதியிருப்பதாகவும் சொன்னார். நடக்க வேண்டும்.

மறுநாள் எமரால்டு அணைக்கு மேலே, காய்கறித் தோட்டங்களுக்கு நடுவே ஓடும் ஓடை. இதுவும் பில்லூருக்குத்தான் போகிறது. இரண்டு பக்கமும் தண்ணீரின் விளிம்புவரை கேரட் பாத்திகள். சற்று மேலே கேரட் கழுவும் இயந்திரம் உருண்டுகொண்டிருந்தது. மண் போகக் கழுவிய கேரட்டுக்குத்தான் மேட்டுப்பாளையம் மண்டியில் விலை. மண் ஓடைக்கு வந்துவிடுகிறது.

கருவி வெப்பத்தை 17 டிகிரி என்றது. ஆக்சிஜன் 7. மோசமில்லை. பிறகு கல் அளந்தோம். வோல்மன் என்ற அமெரிக்கர் 1954-ல் சொன்ன முறை. கீழே பார்க்காமல் நடந்து, கால் நுனியருகே கையை விட்டு, விரலில் முதலில் படும் கல்லை எடுத்து அளக்க வேண்டும், இப்படி நூறு கல். சோலை ஓடையில் கை நிறையக் கூழாங்கற்கள் வந்தன. இங்கே என் விரலில் பட்டதெல்லாம் சேறு. கல் இருந்தது, முக்கால்வாசி புதைந்து. பெரியவர் ஒன்றைப் பிடுங்கியபோது சப்பென்ற சத்தத்தோடு வந்தது. அடிப்பக்கம் கறுப்பாக இருந்தது.

“பாருங்க, பூச்சி நுழைய இடுக்கே இல்ல.”

மீனுக்கும் இல்லை. அவலாஞ்சியில் 1907-ல் குஞ்சு பொரிக்கவைத்து வளர்க்கத் தொடங்கினார்களே, அந்த டிரவுட் மீன், கூழாங்கல்லை வாலால் அடித்துக் குழி பறித்து முட்டையிடும். கற்களுக்கு இடையே தண்ணீர் ஓடினால்தான் முட்டைக்கு மூச்சு. அது வெளியிலிருந்து வந்த மீன், போகட்டும். கீழ்ச்சரிவுகளில் நம்முடைய கல்லொட்டியும் மலை அயிரையும் வாழ்வதும் அதே இடுக்குகளை நம்பித்தான். மேலே சேரும் வண்டல் மழைக்கு மழை அவற்றை நோக்கி இறங்குகிறது.

எனாமல் தட்டில் சிவப்புப் புழுக்கள் நெளிந்தன. இரண்டு அட்டைகள். வேறு எதுவும் நடக்கவில்லை.

கேரட் தோட்டத்துக்காரர் இறங்கிவந்து தட்டைப் பார்த்தார். முப்பது வயது இருக்கும். தன் தாத்தா இந்த ஓடையில் துண்டால் மீன் பிடித்த கதையைச் சொன்னார். “என்ன பண்ணலாம்?” என்று அவராகவே கேட்டார். நண்பர் சொன்னார்: ஓடையோரம் பத்தடிக்குப் புல் விடுங்க. கழுவுற தண்ணியை ஒரு குழியில தேக்கி, மண் அடங்கின பிறகு விடுங்க.

“பத்தடின்னா நாலு பாத்தி போயிருங்க. குத்தகையே மே மாசத்தோட முடியுது. நிலத்துக்காரரைத்தான் கேக்கணும்.”

“அவர் எங்க இருக்காரு?”

“கோயமுத்தூர்லங்க.”

நான் அவர் செல்பேசி எண்ணை வாங்கிக்கொண்டேன். பெரியவர் தட்டைச் சாய்த்துப் புழுக்களைத் தண்ணீரில் விட்டார். பிடுங்கிய கல்லை எடுத்தார். அதன் குழியில் அதற்குள் சேறு நிரம்பியிருந்தது. கையால் சேற்றை அள்ளி அள்ளிக் கரையில் போட்டுவிட்டு, கல்லை அதன் பக்கமாகவே உட்காரவைத்தார்.